மூன்று மாதச் சராசரி

ஜூன் 4, செவ்வாய்

மருத்துவமனையின் உணவு ஆலோசகர் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். காலையிலிருந்து இரவு வரை வாயில் போடுவது அத்தனையையும் அதில் எழுத வேண்டுமாம். கடையில் இரண்டிரண்டாகத்தான் கட்டி வைத்திருந்தார்கள். ஒன்று ஆலோசகருக்கு. இன்னொன்று சும்மா கிடந்தது, இதில் எழுதுகிறேன்.

என் அக்கா வளர்மதிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். அத்தான் இறந்து நான்கு வருஷம் ஆகிறது. ஒரே மகள் கவிநயா, இருபத்து மூன்று வயது, ஐ.டி. கம்பெனியில் வேலை. கவியைச் சோதிக்க அக்கா விடவில்லை. மற்றவர்களில் யாருடையது பொருந்தும் என்று பார்த்ததில் என்னுடையது பொருந்துகிறது. இன்று டாக்டர் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"எல்லாமே நல்லா ஒத்துப்போகுது நஞ்சப்பன். ரெண்டே சிக்கல்தான். எடை எண்பத்து நாலு இருக்கீங்க. மூணு மாசச் சராசரி சர்க்கரை ஆறு புள்ளி ஒண்ணு. சர்க்கரை நோய்னு சொல்ல மாட்டேன். வாசப்படியில நிக்கறீங்க. மூணு மாசம் வாயைக் கட்டுங்க, ஆறு கிலோ இறங்கட்டும். செப்டம்பர்ல எடுத்துடலாம்."

எடுத்துடலாம் என்றார், மரத்தில் மாங்காய் பறிப்பதுபோல.

வெளியே வந்ததும் கவி அத்தனை பேர் முன்னாலும் என் காலில் விழுந்தாள். "இனி நீங்கதான் மாமா எங்களுக்குச் சாமி." எழுப்பிவிட்டேன். இறந்தவர்களிடமிருந்து எடுக்கும் சிறுநீரகத்துக்கு அரசுப் பட்டியலில் பெயர் பதிந்து வைக்கலாம் என்று நர்ஸ் ஒரு படிவம் கொடுத்தாள். கவி அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "மாமா இருக்கறப்ப இது எதுக்கு?"

வரும் வழியில் என் மனைவி அமுதா கம்பும் கொள்ளும் ஒரு எடை பார்க்கும் மெஷினும் வாங்கினாள்.

ஜூன் 7, வெள்ளி

டயாலிசிஸ் நான்கு மணி நேரம். பம்ப் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நான்தான் அக்காவை அழைத்துப் போகிறேன். மெஷினில் போட்ட பிறகு அக்கா கேட்டாள்.

"நஞ்சா, எதுத்தாப்ல தளிர் பவன் இன்னும் இருக்குதா?"

"இருக்குது. பக்கத்துலயே சீதாபதி கஃபேயும் வந்திருக்குது. முக்குல குதிரைவண்டி பிரியாணி."

"அடப்பாவிகளா, ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்லயா?" என்று சிரித்தாள். மில் ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள். காந்திபுரம் தளிர் பவனில் எந்த மேஜை யாருடையது என்பதுவரை தெரியும். இன்றைக்கு அவளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர். தக்காளி, வாழைப்பழம், இளநீர் எதுவும் கூடாது. காய்கறியை வேகவைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடியும் வேகவைத்துத்தான் தின்ன வேண்டும்.

"போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லேன். நீ சாப்பிட வேண்டாம். எலையில என்ன விழுகுது, வாசம் எப்படி வருது, அது மட்டும் சொல்லு. எனக்குப் போதும்."

போனேன். சர்க்கரை இல்லாத காப்பி ஒன்று சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து சொன்னபோது அக்கா கண்ணை மூடிக் கேட்டாள்.

ஜூன் 11, செவ்வாய்

தளிர் பவனில் ஒரு நெய் ரோஸ்ட். ஒன்றே ஒன்றுதான். காலையில் கம்பங்கூழ் குடித்துவிட்டுப் போனேன், அது எந்த மூலைக்கு?

ஆலோசகரின் நோட்டில்: சர்க்கரை இல்லாத காப்பி.

ஜூன் 18, செவ்வாய்

இருபத்தொரு வருஷமாகத் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். ஒரே அச்சில் வந்த இரண்டு பம்ப் ஒரே மாதிரி இருக்காது என்று எனக்குத் தெரியும். கிளைகள் வைத்து நடத்தும் ஹோட்டல்களும் அப்படித்தான்.

தளிர் பவன் சாம்பாரில் பருப்பு கரைந்து போயிருக்கும், கடைசியில் லேசாக வெல்லம் தட்டும். சீதாபதி கஃபே சாம்பார் தெளிவு. சின்ன வெங்காயம் முழுசாகக் கிடக்கும், பெருங்காயம் முன்னால் வரும். இட்லிக்கு சீதாபதி, தோசைக்குத் தளிர் பவன். தளிர் பவனில் தோசையை மடிப்பதில்லை, சுருட்டுகிறார்கள். அதனால் நடுப்பகுதி மெத்தென்றும் ஓரம் நொறுங்கியும் இருக்கிறது. தேங்காய்ச் சட்னியில் சீதாபதி தோற்றது. மதியம் பன்னிரண்டு மணிக்கே லேசாகப் புளித்திருந்தது. காப்பியில் இரண்டும் சமம், ஆனால் சீதாபதியில் டபராவைச் சுடவைத்துத் தருகிறார்கள்.

இதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். தளிர் பவனைவிட சீதாபதி இட்லி மேல் என்றதும் ஊசி குத்திய கையோடு எழுந்து உட்காரப் பார்த்தாள். நர்ஸ் ஓடிவந்தாள்.

"சட்னி புளிச்சிருந்துதா?" என்று அக்கா கேட்டாள்.

"லேசா."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு, "சாய்பாபா காலனி கிளைக்கும் போய்ப் பாரு. அங்க சமையக்கட்டுல சரக்கு மாஸ்டர் பழைய ஆளு" என்றாள்.

ஜூன் 28, வெள்ளி

குதிரைவண்டியில் அரை பிரியாணி. சீரகச் சம்பா அரிசி. கறி எலும்பை விட்டுத் தானாக நழுவுகிறது. அக்கா கேட்டதால்தான் போனேன்.

அக்கா மட்டன் கேட்கவில்லை. அவள் கேட்டது சாய்பாபா காலனி. பிரியாணிக்குப் பிறகு அங்கேயும் போனேன்.

ஜூலை 9, செவ்வாய்

எடை எண்பத்தைந்து. மெஷினில் கோளாறு இருக்கும் என்று அமுதாவிடம் சொன்னேன்.

ஜூலை 14, ஞாயிறு

கவி வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை வந்து ஆலோசகரின் நோட்டைப் படம் எடுத்து மருத்துவமனைக்கு அனுப்புகிறாள். இன்று பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கொள்ளு ரசம், வெந்த வெள்ளரி, கம்பங்கூழ்… எப்படி மாமா முடியுது உங்களால? நானா இருந்தா மூணாம் நாளே பீட்சாக் கடைக்கு ஓடியிருப்பேன்" என்றாள்.

அமுதா சமையலறையிலிருந்து, "உங்க மாமாவுக்கு இவ்வளவு மனக்கட்டுப்பாடு இருக்கும்னு எனக்கே தெரியாது கவி" என்றாள்.

எனக்குத் துணையாக அவளும் அதையேதான் சாப்பிடுகிறாள். நான்கு கிலோ இறங்கிவிட்டாள்.

ஜூலை 19, வெள்ளி

அப்பாவைப் பற்றி எழுத நினைத்ததில்லை. குடலிறக்கத்துக்குச் சின்ன ஆபரேஷன், மறுநாள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள். எனக்குப் பதினான்கு வயது. மயக்க மருந்து கொடுக்கும்வரை சிரித்துக்கொண்டிருந்தாராம். பிறகு கண் திறக்கவே இல்லை.

அக்காவுக்கும் அவர்தான் அப்பா. அவள் வாரம் இரண்டு முறை ஊசிக்குக் கை நீட்டுகிறாள்.

சீதாபதியில் பொடி இட்லி, ரவா கேசரி. கேசரியில் நெய் மிதக்கிறது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

அவினாசி சாலையில் இருக்கும் அமெரிக்கக் கோழிக்கடைக்குப் போனேன். நான்கு துண்டுப் பொரித்த கோழி, பெரிய கோப்பையில் குளிர்பானம். எந்த ஊர்க் கிளையில் தின்றாலும் ஒரே உப்பு, ஒரே நிறம், ஒரே எடை. தரக்கட்டுப்பாட்டுக்காரன் கையெடுத்துக் கும்பிட வேண்டிய கடை. ஆனால் தின்று முடித்தபின் எதைத் தின்றோம் என்று நினைவில்லை. குளிர்பானத்தை இன்னொரு தடவை நிரப்பிக்கொண்டேன். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

அக்காவிடம் இதைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

அக்காவுக்கு இன்று மெஷினிலேயே ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது. கால் இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தினாள். நான் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தேன்.

வலி அடங்கியதும், "இன்னும் ரெண்டு வாரம்தானே நஞ்சா?" என்றாள்.

"ஆமா அக்கா."

"ஆனதும் மொதல்ல ஒரு சொம்புத் தண்ணி. பொறகுதான் தோசையெல்லாம். ஒரு சொம்பு, அண்ணாந்து, கடகடன்னு." குடிப்பதுபோலத் தொண்டையை அசைத்துக் காட்டினாள்.

இனி ஹோட்டலுக்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

தளிர் பவன். நெய் ரோஸ்ட், பாதாம் அல்வா.

செப்டம்பர் 1, ஞாயிறு

நாளை ரத்தம் எடுக்கிறார்கள். கம்பெனியில் வேலை இருக்கிறது என்று அமுதாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பதினொரு மணிக்குத் தளிர் பவன், ஒரு மணிக்குக் குதிரைவண்டி, நான்கு மணிக்கு சீதாபதி. மூன்றையும் ஒரே நாளில் சாப்பிட்டால்தான் சரியாக ஒப்பிட முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று மாதச் சராசரி ஒரு நாள் தீனியில் ஏறாது என்று டாக்டர் முன்பே விளக்கியிருக்கிறார். தெரிந்துதான் போனேன்.

எந்தக் கடையில் எது மேல் என்று எழுதலாம் என்றால் ஒன்றும் தோன்றவில்லை. எல்லாமே ஈர மாவு மாதிரி இருந்தது. சீதாபதியில் கை கழுவும் இடத்தில் கண்ணாடி இருக்கிறது. அதைப் பார்க்காமல் கழுவிக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 4, புதன்

எடை எண்பத்தேழு. சர்க்கரை ஆறு புள்ளி ஏழு.

டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாசப்படியைத் தாண்டி உள்ள வந்துட்டீங்க. சிலருக்கு உடம்பு வாகு அப்படி. இனி உங்ககிட்டருந்து எடுக்க முடியாது. நீங்களே மாத்திரை போட வேண்டியவர்."

கவி அழுதாள். அழுதுகொண்டே என் முதுகைத் தடவினாள். "நீங்க என்ன மாமா பண்ணுவீங்க. உங்களால முடிஞ்சதுக்கு மேலயே பண்ணிட்டீங்க."

நெஞ்சிலிருந்து பெரிய கல்லை இறக்கி வைத்தது போலத்தான் முதலில் இருந்தது. அது பொய்யில்லை. வண்டி நிறுத்தும் இடம் வரைக்கும் அப்படி இருந்தது.

செப்டம்பர் 5, வியாழன்

வேண்டுமென்றேதான் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

கவி தன்னுடையதைக் கொடுக்கிறேன் என்கிறாள். யாருக்கும் சொல்லாமல் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டாள், பொருந்துகிறது. அக்கா வார்டு அதிரக் கத்தினாள்.

"கல்யாணம் காச்சி ஆக வேண்டிய புள்ளைடி நீ! என்ற வயித்துல இருந்து குடுத்ததை நானே திருப்பி வாங்கறதா? செத்தாலும் மாட்டேன்!"

அக்காவை இனிமேல்தான் அரசுப் பட்டியலில் பதிய வேண்டும். ஜூனிலேயே பதிந்திருந்தால் வரிசையில் மூன்று மாதம் முன்னால் இருந்திருக்கலாம் என்று நர்ஸ் சொன்னாள். யார் மேலும் குற்றம் சொல்லாமல்தான் சொன்னாள்.

என்னை நம்பியதால்தான் பதியவில்லை. இதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. கத்தி என்னைத் தாண்டிவிட்டால் போதும் என்று இருந்தேன். தாண்டி யாரிடம் போகும் என்று பார்க்கவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

மாற்று அறுவைச் சிகிச்சைக்கான ஒருங்கிணைப்பாளர் மெர்சியைத் தனியே பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது மறுபடியும் வாயைக் கட்டினால் கவியை விட்டுவிட்டு என்னிடமே எடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"இல்ல சார். உங்க அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததா எழுதியிருக்கீங்க. இப்ப உங்களுக்கும் வந்தாச்சு. நாளைக்கு இருக்கற ஒண்ணும் கெட்டா யார் பதில் சொல்றது? டாக்டர் ஒத்துக்க மாட்டார்."

கொஞ்சம் தயங்கிவிட்டு மெர்சி கேட்டார்: "முதல் நாள் உங்களை மட்டும் உள்ள கூப்பிட்டேனே, ஞாபகம் இருக்கா? மனசு இல்லேன்னா இப்பவே சொல்லுங்க, உடம்பு ஒத்துக்கலன்னு நாங்களே வீட்டுல சொல்லிக்கறோம், காரணம் வெளிய போகாதுன்னு சொன்னேன். எல்லாருக்கும் சொல்றதுதான். நீங்க சிரிச்சுட்டு, 'என்னங்க மேடம், என்ற அக்காவுக்கு'ன்னீங்க."

ஞாபகம் இருக்கிறது. அந்தச் சிரிப்புகூட ஞாபகம் இருக்கிறது.

சாயங்காலம் அமுதாவிடம் சொன்னேன். அவள் கொள்ளு ரசத்தை என் தட்டில் ஊற்றிவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

செப்டம்பர் 17, செவ்வாய்

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில் காலி. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அக்கா, நான் அந்தக் கடைகள்ல…" என்று ஆரம்பித்தேன்.

"தெரியுது."

"என்ன தெரியுது?"

"சட்னி புளிச்சிருக்குதுன்னு கண்ணுல பார்த்தா தெரியுமாடா? நாக்குல வெச்சாத்தானே தெரியும்? அன்னைக்கே தெரிஞ்சுது."

அக்கா மெஷின் குழாயைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஒரு வாய் வெச்சிருப்பே, ஆசை, போகட்டும்னு நெனச்சேன். அடுத்த மாசம் கேசரியில முந்திரி வறுபடலைன்னே. அப்பறம் உன்ற கன்னம் உப்புச்சு. கேட்டிருக்கோணும். கேட்டா நீ வந்து சொல்றதை நிறுத்திருவே. எனக்கு அந்தப் பேச்சு வேண்டியிருந்துது நஞ்சா. வாரம் ரெண்டு நாளு, அது ஒண்ணுதான் வாய்க்கு ருசியா இருந்துது. நானும்தான் கெடுத்தேன்."

"நீ ஒண்ணும் பண்ணலை. எனக்குப் பயம் அக்கா. அப்பா மாதிரி…"

"பயம்னு சொல்றதுக்கென்ன?" குரல் திடீரென்று உயர்ந்தது. நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். "மாட்டேன்னு சொல்லியிருந்தீன்னா ஒரு நாள் அழுதிருப்பேன். மறுநாள் வேற வழியைப் பார்த்திருப்பேன். மூணு மாசம் நாள் எண்ண வெச்சியேடா. காலண்டர்ல கிழிக்கறப்பவெல்லாம் ஒரு சொம்புத் தண்ணி கிட்ட வருதுன்னு நெனச்சேன். நீ அந்த நேரம் எதுத்தாப்ல உக்காந்து…"

முடிக்காமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மெஷின் முடியும்வரை திரும்பவில்லை. இனி கவி ஆட்டோவில் கூட்டி வருவாள், நீ வர வேண்டாம் என்றாள்.

அக்டோபர் 8, செவ்வாய்

மூன்று வாரமாகப் போகவில்லை. கம்பெனியிலிருந்து ஒரு நாளைக்கு நான்கு முறை கவிக்குப் போன் செய்கிறேன். காலையில் மாத்திரை போடுகிறேன். அமுதா பேசுகிறாள், தேவையானதை மட்டும்.

அக்டோபர் 15, செவ்வாய்

விடிகாலையில் அக்காவுக்கு மூச்சு முட்டி, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. தீவிர சிகிச்சைப் பிரிவு. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முகத்தில் மாட்டியிருந்த ஆக்சிஜன் மூடிக்குள் வாய் திறந்து திறந்து மூடியது. அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் கேட்டாலும் விதி என்றுதான் சொல்வார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அதுதான் இன்று எனக்குத் தாங்கவில்லை.

அக்டோபர் 19, சனி

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கவி கட்டிலோரம் உட்கார்ந்து, "இனி நீ பேசாதே, நான் கையெழுத்துப் போட்டாச்சு. நீயில்லாம நான் மட்டும் ரெண்டு கிட்னியோட என்ன பண்ண?" என்றாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அது சம்மதமா, அழுகையா என்று தெரியவில்லை. கவி சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

அவள் மருந்து வாங்கப் போனபோது அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசுகிறாள்.

"கவிகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லை."

"சொல்லாதே. அப்பன் இல்லாத புள்ளைக்கு மாமன்னு நீ ஒருத்தன். அவ மனசுல நீ இருக்கற எடத்துல இருந்துட்டுப் போ."

"எனக்குச் சொல்லாம இருக்க முடியலை அக்கா."

"உனக்கு முடியலைன்னு அவகிட்ட எறக்கி வெக்கப் போறியா? சும்மா இரு. நீயே சொமந்துட்டுத் திரி."

நவம்பர் 20, புதன்

இன்று ஆபரேஷன். கவியை ஆறரை மணிக்கு உள்ளே கொண்டு போனார்கள். பச்சை அங்கியில் இன்னும் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள். கதவருகில் தள்ளுகட்டிலை நிறுத்தச் சொல்லி என் கையைப் பிடித்தாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

"பயமா இருக்குது மாமா," என்றாள் சாதாரணமாக. பிறகு, "சரி, போலாங்க" என்று ஊழியரிடம் சொன்னாள்.

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை. அதை அவள் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இரண்டு மணிக்கு டாக்டர் வந்து இருவரும் நலம் என்றார். வைத்த உடனேயே அக்காவுக்குச் சிறுநீர் இறங்க ஆரம்பித்துவிட்டதாம். அமுதா என் தோளில் சாய்ந்து அழுதாள். செப்டம்பருக்குப் பிறகு அவள் என்னைத் தொட்டது இன்றுதான்.

நவம்பர் 25, திங்கள்

அக்கா இன்னும் தனி அறையில். யாரையும் உள்ளே விடுவதில்லை. கவியை நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும் என்றதால் மாலை நான் வராந்தாவில் நடத்திக் கூட்டிப் போனேன். ஒரு கையால் இடுப்பை அழுத்திக்கொண்டு, மறு கையால் என் முழங்கையைப் பிடித்து, கூனியபடி அடி அடியாக வந்தாள்.

"எல்லாரும் என்னையவே புகழ்றாங்க மாமா. கேக்கக் கூச்சமா இருக்குது. எனக்கு அரை நாள் மயக்கம், அவ்வளவுதான். நீங்க மூணு மாசம் வாயைக் கட்டிப் பட்டினி கெடந்தீங்க. அதை யாரும் பேசறதே இல்லை."

நான் சும்மா இருந்திருக்கலாம். அக்கா அப்படித்தான் சொன்னாள். ஐந்தாறு அடி சும்மாதான் நடந்தேன்.

"நான் வாயைக் கட்டலை கண்ணு," என்றேன்.

அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். சிரித்ததில் தையல் வலித்து நின்றாள். நின்ற இடத்திலேயே சொன்னேன். நோட்டில் இருந்ததெல்லாம் பொய் என்று. சர்க்கரை தானாக ஏறவில்லை, ஏற்றினேன் என்று. ஆபரேஷனுக்குப் பயந்து, அதைச் சொல்லவும் பயந்து அப்படிச் செய்தேன் என்று. அம்மாவுக்குத் தெரியும், உன்னிடம் சொல்லக் கூடாது என்றாள் என்பதையும்.

கவி என் முழங்கையை விட்டுவிட்டாள். சுவரோரமாக ஓடும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அங்கிருந்து அவள் அறைக்கு முப்பது அடி இருக்கும். தனியாகவே நடந்தாள். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். நான் கை நீட்டவில்லை. அவள் நின்றபோது நின்று, நடந்தபோது நடந்து, பின்னாலேயே போனேன்.

அறை வாசலில் திரும்பி, "கதவைத் தொறங்க மாமா. என்னால தள்ள முடியாது" என்றாள்.

திறந்துவிட்டேன்.